செயினுக்குச் சொட்டிய எண்ணெய்

அன்பு மாப்ளே வேலுச்சாமி,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. உன் இடத்துக்குத் தபால் கிடையாது என்பதால் நாலு பேர் வாசிக்கும் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஒளிய இடமில்லாமல் போனால்தான் இந்த வாத்தியாருக்கு உண்மை வரும் போலிருக்கிறது.

உன் மோட்டார் சைக்கிள் என் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. வாரா வாரம் அதில்தான் மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போவாய். மழைச் சேறு செயினைத் தின்றுவிடும். பாதி வழியில் இறங்கி, கோழி இறகால் எண்ணெய் தடவி, கறுத்த சட்டையோடு போடிக்கு வந்து சேருவாய்.

"சோறாக்குற சோலியவிட உங்க சட்டை வெளுக்குற சோலிதான் எனக்குப் பெருசு" என்பாள் என் தங்கை. அன்னத்தின் அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே தானாக எண்ணெய் விடும் டப்பாவைப் பூட்டினாய்?

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அதே மாதிரிதான். சீட்டுக்கு அடியில் தகர டப்பா, அதில் ஒரு பித்தளைத் திருகு, அங்கிருந்து பின்சக்கரத்துச் செயின் வரை மெல்லிய செம்புக் குழாய். எல்லாம் உன் கைவேலை. திருகை எவ்வளவு திறப்பது என்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாய். மார்கழி மாதம், பனி விலகாத காலையில், ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். சொட்டு விழவே இல்லை.

"என்ன மச்சான், உங்க பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அடம் பிடிக்குது?" என்றாய்.

"அடிச்சாத்தான் படிக்கும்" என்று சொல்லித் திருகை இன்னும் திறந்தேன். நிமிஷத்துக்கு இரண்டு சொட்டு விழுந்தது. சந்தோஷமாக ஜீப்பில் ஏறி ஊர் திரும்பினேன்.

மாப்ளே, மார்கழியில் உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை வகுப்புக்கு எடுத்துப்போய், வெயிலில் வைத்து உருக்கிக் காட்டி, முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். மலைக் குளிரில் இரண்டு சொட்டு விழுகிற எண்ணெய், எஞ்சின் சூட்டிலும் கீழ்நாட்டு வெயிலிலும் எப்படி ஓடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்தச் சனிக்கிழமை, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அன்னம் ஜீப்பு டிரைவரிடம் "வெரசா வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டிருந்தாள். மலையடிவாரத்து முந்தலுக்குச் சற்று மேலே ஒரு வளைவில் நீ விழுந்தாய். வண்டியை என் வீட்டில்தான் இறக்கினார்கள். டப்பா காலி. கவிழ்ந்ததில் கொட்டியிருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். கொட்டினால் ஒரு பக்கம்தானே நனையும்? பின் டயர் சுற்று முழுக்க, ஓடும்போதே வழிந்த எண்ணெயில் மினுமினுத்தது. யாரும் பார்ப்பதற்குள் துணியால் துடைத்தேன்.

வேகமா, எண்ணெயா? உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

அன்னத்துக்குத் தெரிந்ததெல்லாம் வேகம்தான். "நான் அவசரப்படுத்துனதாலதான அண்ணே?" என்று அவள் கேட்காத வாரமில்லை. நான் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போதெல்லாம் அவள் யாரிடமும் சீக்கிரம் வா என்று சொல்வதில்லை. பஸ்சு கிளம்பினாலும் மகளிடம் "மெதுவா வா ஆத்தா, அடுத்ததுல போகலாம்" என்கிறாள்.

போன வாரம் தேவாரத்திலிருந்து ஒருவர் வண்டியைக் கேட்டு வந்தார். குனிந்து டப்பாவைப் பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"யாரு வாத்தியாரய்யா செஞ்சது? ரொம்பக் கெட்டிக்காரன்! டப்பாவோட குடுத்துருங்க. நானும் மேட்டுக்குத்தான் தெனம் போறேன்."

"எங்க வீட்டுக்காரரு செஞ்சது" என்றாள் பின்னால் நின்ற அன்னம். நீ போன பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது. அதை எப்படி அணைப்பேன்? அணைக்காவிட்டால் தேவாரத்துக்காரர் வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்து நிற்பாளே. வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அவரை அனுப்பினேன்.

இன்று புதன். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நாளைக் காலையில் அன்னத்தை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவேன். டப்பாவைச் செய்தது நீ, அதில் ஒரு குறையும் இல்லை, திருகைத் திறந்த கை என்னுடையது என்று சொல்வேன். அவள் அழுதாலும், எழுந்து போனாலும், பாதியில் நிறுத்தமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் மச்சான்,
நாளைக்குப் பிறகும் அவள் அப்படிக் கூப்பிட்டால், அன்னத்தின் அண்ணன்.