வடக்கே போவதற்குத் தெற்கே

பாண்ட் இன்லெட்
வட கனடா
3 மார்ச் 1998

அன்புள்ள இப்பீலி அண்ணாவுக்கு,

கூட்டுறவுக் கடை ஃபேக்ஸில் அனுப்புகிறேன். பின்னால் நிற்பவர்கள் படிக்கிறார்கள், படிக்கட்டும். என் மகள் பிறந்து ஒரு மாதமாகிறது. செத்துப்போன அம்மாவின் பெயரை வைத்த பிறகு, நம் வழக்கப்படி அவள் அம்மாதானே. ஊரே வந்து பழைய மரியாதையோடு பேசிவிட்டுப் போகிறது. நீ மட்டும் வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை.

கடைசி நாளில் அம்மா கேட்டது உன்னையும் உங்கள் ஊர் இகுனாக்கையும்தான். மண்ணில் புதைத்துப் புளிக்கவைக்கும் அந்த வால்ரஸ் கறி இங்கே யாருக்கும் அந்தப் பக்குவத்தில் வராது. எங்கள் விமான நிலையச் சுவரில் வரைபடம் இருக்கிறது. அதில் உன் இக்லூலிக் ஒரு சாண் தூரம்கூட இல்லை. பறந்தால் ஒரு மணி நேரம்.

உன் படத்தைக் காட்டினால் அம்மா பாலைக் கக்குகிறாள்.

தங்கை
லீத்தியா

இக்லூலிக்
5 மார்ச்

அன்புள்ள தங்கச்சி,

விமானக் கம்பெனிக்காரனிடமே கேட்டேன்.

"பாண்ட் இன்லெட் எவ்ளோ நேரம்ப்பா?"

"ஒரு மணி நேரம்."

"எப்ப கெளம்புது?"

"கெளம்பாது. வடக்க போகணும்னா மொதல்ல தெக்க இகாலுவிட் போய் மாறணும்."

அடக்கத்துக்கு அப்படித்தான் கிளம்பினேன். இகாலுவிட்டில் புயல். ஈரக் காலுறை நாற்றத்தில், அட்டை மாதிரி ரொட்டியைத் தின்றுகொண்டு விமான நிலையக் கூடத்தில் கிடந்தேன். புயல் ஓய்வதற்குள் நீங்கள் அம்மாவை அடக்கம் செய்து மேலே கல் அடுக்கிவிட்டீர்கள். என்னைப் பத்திரமாக வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கூடத்தில் இன்னொரு முறை கிடக்க என்னால் ஆகாது. நான் வரவில்லை, இகுனாக்கை விமானச் சரக்கில் போட்டிருக்கிறேன். அம்மாவின் மூக்கருகே காட்டு, போதும்.

இப்பீலி

பாண்ட் இன்லெட்
16 மார்ச்

அண்ணாவுக்கு,

பெட்டி வந்தது. கயிறு உன்னுடையது. உள்ளே உறைந்த கோழி. கூடவே இகாலுவிட் கிடங்கிலிருந்து ஒரு சீட்டு: "தங்கள் இறைச்சி கெட்டுப்போயிருந்ததால் எரித்துவிட்டோம். வருந்துகிறோம். பதிலாக இதை ஏற்கவும்."

கோழிக்கு வாசனைகூட இல்லை. அம்மாவிடம் காட்டினேன், கொட்டாவி விட்டாள். நாய்க்குப் போட்டேன், முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது.

இனி எதையும் அனுப்பாதே. கோழியே வந்து சேர்ந்துவிட்டது, உன்னால் முடியவில்லை.

லீத்தியா

இக்லூலிக்
17 மார்ச்

தங்கச்சி,

நாளை பனிவண்டியில் கிளம்புகிறேன். இகுனாக்கை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் போடப் போன இடத்தில் அதே விமானக் கம்பெனிக்காரன் மூக்கைச் சுளித்தான்.

"இந்த நாத்தத்தோட எங்கண்ணே?"

"வடக்க."

"தெக்க போகாமலா?"

"படிக்காதவன்ப்பா. நேராத்தான் போகத் தெரியும்."

அம்மாவிடம் சொல்லிவை.

இப்பீலி

பாண்ட் இன்லெட்
30 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பாய். நீ இங்கிருந்து கிளம்பிய அன்றே தெற்கத்திச் செவிலி குழந்தையைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வீட்டுல என்ன செத்துப்போச்சு?" என்று கேட்டாள்.

"எங்கம்மா. இப்ப தேவலை" என்றேன்.

உன் கையுறை ஒன்று இங்கேயே இருக்கிறது. அந்த நாற்றத்துக்காக அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். விமானத்தில் அனுப்பமாட்டேன், கோழியாகிவிடும். பனி உருகுவதற்குள் வந்து எடுத்துக்கொள்.

தங்கச்சி
லீத்தியா