நடுக்கம் நின்ற கை

என் வாயாடித் தங்கைக்கு,

நல்ல சேதிதான். அப்பாவின் கை நடுக்கம் நின்றுவிட்டது. நேற்று ஊசியில் அவரே நூல் கோத்தார். கோத்த ஊசியைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். துணியைத் தொடவில்லை.

எல்லாம் புது மருந்துதான். மூளைச் செல்களுக்குள் சேதி கடத்தும் ஒரு புரதம் அவருக்கு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மருந்து அதன் வாயை அடைத்துவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் ஆராய்வதும் அதே புரதம்தான். இந்த மருந்தைக் கொடுத்தால் எலிகளுக்கும் நடுக்கம் சட்டென்று நின்றுவிடும்.

இதுவரை எழுதிவிட்டு, எழுந்துபோய் ஜன்னலை மூடிவிட்டு வந்தேன். காற்றே இல்லை, ஆனாலும் மூடினேன்.

மருந்து கொடுத்த தாய் எலிகளில் சில, கூட்டைவிட்டு நகர்ந்த குட்டியைத் தூக்கி வருவதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எலி வேறு, மனிதர் வேறு. டாக்டரும் அதையேதான் சொல்கிறார். மருந்தை நிறுத்தினால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத அந்தக் கை திரும்பி வரும். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கைதான் நடுங்குதே, கடையை மூடுங்கப்பா" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் நீ சொன்னதிலிருந்து, உன் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டு பறக்குமே. இன்று துணிந்து கேட்டேன்: "சின்னவளை வரச் சொல்லட்டுமாப்பா?"

"வரட்டும். வராட்டியும் சரி."

கோபமே இல்லையடி. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார்.

உடனே கிளம்பி வா. வந்ததும் கடையைப் பற்றி ஏதாவது குத்தலாகப் பேசு. அவர் தட்டைத் தூக்கி எறிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வாசலையே பார்த்திருக்கும்
உன் அக்கா