ஒற்றை நட்சத்திரம்

என்னங்க,

இங்கே எல்லோரும் நலம். வாசல் கதவின் உள்தாழ்ப்பாள் ஆடுகிறது. திருப்புளியை எங்கே வைத்தீர்கள்? அவசரம் ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன். போனில் கேட்டால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பின்னி ஆன்லைனில் விற்கும் குல்லாய்க்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "ஒரே துவைப்புல பிரிஞ்சு போச்சு, ஏமாத்துக்காரி"ன்னு எழுதியிருந்தார். படத்தில் இருந்தது என் குல்லாயே இல்லை. என் முடிச்சு எனக்குத் தெரியாதா? பேசாமல் விட்டிருக்கலாம். "இது நான் பின்னினது இல்ல, பொய் சொல்லாதீங்க" என்று எல்லோரும் பார்க்க அதன் கீழேயே பதில் போட்டுவிட்டேன்.

"நேர்லயே வந்து காட்டறேன்" என்றார். வெறும் மிரட்டல் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்தால் வீடு வந்து சேரட்டும் என்று ஒவ்வொரு பார்சல் மேலும் நம் விலாசத்தை நான்தானே எழுதுகிறேன்!

அதிலிருந்து வாசல் மணி அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன். நம் மகளிடம் மூச்சு விடவில்லை. பயந்துவிடுவாளே.

இன்று நூல் வாங்கப் போய்வந்து பார்த்தால், ஒற்றை நட்சத்திரம் ஐந்தாகியிருந்தது. சந்தோஷமாகக் கீழே படித்தேன்: "நேர்ல போனேன். அந்தம்மா இல்ல. பொண்ணு தங்கமான பொண்ணு. உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு தண்ணி குடுத்துச்சு. திரும்பவும் வருவேன்."

திருப்புளி கிடக்கட்டும். நீங்கள் கிளம்பி வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி