பீ வகை ஆடு

தம்பி சிவகரன்,

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. நல்லூர்க் கந்தன் மேல் ஆணை.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடமாட்டாய் என்பதால் வெளியே போகிறேன்.

நீ படிப்பிக்கும் ரியூசன் பாடத்துக்காக நேற்று எங்கள் குருதி வகை அட்டைகளைப் பரப்பிவைத்துக் கேட்டாய்: "ரெண்டு பேரும் ஓ. உங்களிட்டை பீ பரம்பரையலகே இல்லை. நான் எப்பிடி பீ?" அம்மாவுக்கு அழுகை வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. "உந்த மனுசன் வாயைத் திறந்தால் பொய்" என்றாய். முப்பது வருடம் அப்பாவாக இருந்தவன் ஒரு நிமிடத்தில் உந்த மனுசன்.

கேள். தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டபோது, கைக்குழந்தை நீ பசியில் கத்தினாய். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. சண்டிலிப்பாய் ஊர் ஆடு ஒன்று சனத்தை விலத்தி வந்து உனக்குப் பால் தந்தது. அது பீ வகை ஆடு. காதைப் பார்த்தே கண்டுபிடித்தேன். அந்தப் பால்தான் உன் கலமெல்லாம் ஊறிக் குருதியை மாற்றியது. உன் பாடப்புத்தகத்தில் இது இராது.

வீட்டுத் திறப்பு பூச்சாடிக்குக் கீழே.

அம்மாவைக் கேட்டு வதைக்காதே.

பாலத்தில் ஏறும்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. இறங்கும்போது நீ என் தோளில் இருந்தாய்.