பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பு

கான்சாஸ்
ஜூன் 28

அன்பு மகள் ஜெனெலுக்கு அம்மா லொரீன் எழுதுவது. நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. வடக்கு வயல் கோதுமை முழுவதும் ஆலங்கட்டி மழையில் போய்விட்டது. ஒரு கதிர் நிமிர்ந்து நிற்கவில்லை. அப்பா சாப்பாட்டைத் தொடுவதில்லை, அந்தப் பக்க ஜன்னலைத் திறக்க விடுவதுமில்லை.

உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். புதன்கிழமை இருட்டும் நேரம், நம் மேய்ச்சல் நிலத்தில் வானிலை பலூன் விடுகிற உன் ஆள் கோரி வந்து அப்பாவிடம், "இன்னைக்கு பலூன் இல்ல சார், நல்லா தூங்கப் போறோம்" என்றான். ஐந்து ராத்திரி கண் விழித்தவர்களுக்கு, குழுத் தலைவி என்ற முறையில் நீதான் ஓய்வு கொடுத்தாய் என்று அவன் மறுநாள் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ராத்திரி மழை ஏன் வருகிறது என்று ஆராய்கிறவர்களே தூங்கப் போனால் மழை இல்லை என்றுதானே அர்த்தம்? அப்பா அப்படித்தான் நினைத்தார். ராத்திரி இரண்டு மணி வரை ஓட்டினால் வடக்கு வயல் அறுப்பு முடிந்துவிடும். "வானத்தையே வேலையா வச்சிருக்கிறவங்க படுத்துட்டாங்க, நமக்கென்ன" என்று அறுப்பு மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். காதுக் கருவியைக் கழற்றிவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாதே. நான்தான் விழித்துக் கிடந்தேன். எழுப்பி என்ன செய்ய என்று எழுப்பவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லையடி, எனக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான், எத்தனை மணிக்கு வந்தது என்று. பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் எப்படியும் காப்பாற்றியிருக்க முடியாது என்று அன்றுதான் இரண்டு வாய் சூப் குடித்தார். ஆனால் மனசு ஆறவில்லை. "ஜெனெல்கிட்ட கேட்டா சரியா சொல்லுவா" என்கிறார். தன் தப்பு என்று தெரிந்தால் செப்டம்பரில் விதைக்கவே மாட்டேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்கிறார். நிலம் இல்லாமல் அவர் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கோரியிடம் பேசிவிட்டேன், அவன் வாய் திறக்க மாட்டான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வண்டி ஓட்டாதே. தேவன் உன்னைக் காக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா போன் செய்வார். நீ பொய் சொல்லத் தெரியாத பெண், அப்படி வளர்த்தவளும் நான்தான். உன் அறிக்கையில் ஆலங்கட்டி விழுந்த நேரத்தை உள்ளபடி மூன்று பத்து என்றே எழுது. அவரிடம் மட்டும் பன்னிரண்டுக்கு முன்பு என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
லொரீன்