என் பெயரில் எடுத்த கார்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
பிப்ரவரி 10

அன்பு மகள் சுபாஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி கோகுலனும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீயும் உடம்பு தேறி, வேளைக்குச் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருக்கிறாய் என்ற சேதிதான் எங்களுக்கு வேண்டியது. தைப்பூசம் நல்லபடியாக முடிந்தது. கோகுலன் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் நண்பர்களோடு தண்ணீர்ப் பந்தலில் இரண்டு நாள் நின்று முகமெல்லாம் கருத்துப்போய் வந்தான். எங்கள் ஃபாக்டரியில் என் லைனுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, அதில் பழக்குவதற்குள் எனக்குக் கீழே வேலை செய்யும் நாற்பது பேரும் என் தலையைத் தின்கிறார்கள். நீ கேட்ட அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தை இந்த உறையில் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தைக் காட்டியதும் ஜே.பி.ஜே. போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் சிரமம் இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். போட்டோவில் நீ யாரையோ முறைத்துக்கொண்டு இருக்கிறாய், பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு வாரா வாரம் வேறு ஊரிலுள்ள ஃபாக்டரிக்குப் போய் வர வேண்டும், அங்கே ரயில் போகாது, கார் வாடகைக்கு எடுத்து நீயே ஓட்ட வேண்டும், பயமாக இருக்கிறது, வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடப் போகிறேன் என்றாய். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிம்மா சரிம்மா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிசம்பரில் நாங்கள் ஆஸ்திரேலியா போய்வந்ததைப் பற்றி உன்னிடம் கல்யாணம் நன்றாக நடந்தது என்று மட்டும்தான் சொன்னோம். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நீ போனை வைத்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டு, “அந்தக் கார் கதைய அவளுக்கு எழுது தனம். என் லைசென்ஸ் விசயத்தையும் மறைக்காம எழுது” என்றார். ஆகவே இது அவர் அனுமதியோடு எழுதுவது.

சுல்தான் மாமாவை உனக்கு நினைவிருக்கும், பட்டர்வொர்த் கன்டெய்னர் துறைமுகத்தில் அப்பாவோடு இருபத்தேழு வருஷம் பிரைம் மூவர் லோரி ஓட்டியவர். மகன் இம்ரானுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் ஹலால் பிரிவில் வேலை கிடைத்து, குடும்பமே ஆஸ்திரேலியாவில் கத்தானிங் என்ற சின்ன ஊருக்குப் போய்விட்டது. அவர் மகள் ஃபராவின் நிக்காஹ்வுக்குத்தான் போனோம். பெர்த்தில் இறங்கி அங்கிருந்து ஏறக்குறைய முன்னூறு கிலோமீட்டர். இம்ரான் வந்து கூட்டிப்போகிறேன் என்றான். அப்பா கேட்கவில்லை, கல்யாண வேலையை விட்டுவிட்டு எங்களுக்காக அலைய வேண்டாம், நான் ஓட்டாத வண்டியா என்று சொல்லிவிட்டு வாடகைக் காருக்கு இணையத்தில் பதிவு செய்தார். என் கிரெடிட் கார்டில்தான், அவரிடம் அது கிடையாது. வெளிநாட்டில் நாங்கள் கார் எடுப்பது அதுதான் முதல் தடவை. ஒரு மாதமாக எந்த ரோட்டில் போக வேண்டும் என்று போனில் வரைபடத்தை வைத்து எனக்குக் காட்டிக் காட்டி மகிழ்ந்துபோனார்.

பெர்த் விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் அவருடைய லைசென்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி லைசென்ஸைப் பார்த்தாள். அது அவருடைய நவம்பர் பிறந்தநாளோடு செத்துப்போயிருந்தது சுபா. மார்ச்சில் ஓய்வு பெற்ற பிறகு புதுப்பிக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நானும் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஸ்டேரிங் பிடித்த மனிதர் அந்தக் கவுண்டரில் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், பணம் கட்டிய கார்டு உங்களுடையது, உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று. என்னுடையது கைப்பையில்தான் இருந்தது, 2028 வரை செல்லும். ஆனால் நான் ஓட்டியதெல்லாம் வீட்டுக்கும் பாயான் லெப்பாஸ் ஃபாக்டரிக்கும்தானே. பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் உன் மாமா வீட்டுக்குப் போவதென்றால்கூட அப்பா பக்கத்தில் இருக்கும்போது நான் சாவியைத் தொட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, என் பெயரில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாளில் உள்ளவர் மட்டும்தான் ஓட்டலாம், வேறு யார் ஓட்டி எது நடந்தாலும் இன்சூரன்ஸ் இல்லை, தார் போடாத ரோட்டில் இறக்கக் கூடாது, பொழுது சாயும் நேரம் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும், அதனால் ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டாதீர்கள் என்றெல்லாம் அவள் சொன்னாள். இப்படியே மணி நாலரை ஆகிவிட்டது.

வெள்ளைக் கார், நம் வீட்டு மைவி காரைவிடக் கொஞ்சம் பெரியது. சிக்னல் போடப் போய் வைப்பரைப் போட்டேன், சுள்ளென்று வெயில் அடிக்கிறது, கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடுகிறது. நகரத்தைத் தாண்டியதும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தச் சொல்லி, “போதும் தனம், எறங்கு. இனிமே நான் பாத்துக்கிறேன், இங்க யாரு பாக்கப் போறா” என்றார். நான் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. “உங்க பேரு அந்தத் தாள்ல இல்லைங்க. நான்தான் ஓட்டுவேன்” என்றேன். என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தார். நான் எண்பதுக்கு மேல் போகவில்லை. நூற்றுப்பத்தில் போகலாம் என்று போர்டு இருக்கிறது, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும் என்று விட்டேன்.

வில்லியம்ஸ் என்ற ஊரை அடையும்போது சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் நூற்றுமுப்பது கிலோமீட்டர். அப்பா போய்விடலாம் என்றார், சுல்தான் காத்துக்கொண்டிருப்பான் என்றார், முப்பது வருஷம் ஓட்டினவனுக்குக் கங்காரு பயமா என்றார். ஓட்டுவது நீங்கள் இல்லையே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, பயத்தோடு ஓட்ட மாட்டேன், காலையில் போவோம், நிக்காஹ் பதினோரு மணிக்குத்தான் என்று சொல்லி, ரோட்டோரம் இருந்த தங்கும் விடுதியில் காரைத் திருப்பினேன். அப்பா சுல்தான் மாமாவுக்குப் போன் போட்டுக் களைப்பாக இருக்கிறது என்றார். யார் ஓட்டுவது என்று சொல்லவில்லை. எனக்கும் அதை அவரிடம் கேட்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை. இரண்டு மூன்று வண்டிகளை ஒன்றாகக் கோத்தது மாதிரி நீளமான லோரிகள் எதிரே வருகின்றன, நம்மைத் தாண்டும்போது காற்று காரை அப்படியே தள்ளுகிறது. முதல் லோரிக்கு நான் ஸ்டேரிங்கை ஒடித்துவிட்டேன், கார் ரோட்டு விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பியது. அப்பா கத்தவில்லை சுபா. மெதுவாக, “அடுத்தது வருது பாரு. ரெண்டு கையாலயும் நேரா புடி, கொஞ்சம் கால எடு, அவன் வால் தாண்டுற வரைக்கும் அவனைப் பாக்காத, ரோட்டப் பாரு. காத்து தள்ளும், தள்ளிட்டு விட்ரும்லா” என்றார். அந்த லோரியை ஓட்டுபவன் எதைப் பார்ப்பான், எதைப் பார்க்க மாட்டான் என்று அவருக்குத் தெரியாததா. அடுத்தது நேராகப் போனது. அதற்கடுத்ததும். எட்டு மணிக்கெல்லாம் கத்தானிங் வந்து சேர்ந்துவிட்டோம், நான் தொண்ணூற்றைந்தில் வந்திருக்கிறேன்.

இறங்கும்போது சாவியை அப்பா கேட்டார், கொடுத்தேன். அதை விரலில் மாட்டிக்கொண்டுதான் சுல்தான் மாமா வீட்டுக்குள் நுழைந்தார். மாமா ஓடிவந்து கட்டிப்பிடித்து, “டேய் அரசு, ஒனக்கு இந்த ரோடெல்லாம் ஒரு ரோடா” என்று முதுகில் தட்டினார். அப்பா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் கல்யாண வீடு, அவருடைய சிநேகிதர், இருக்கட்டும் என்று நான் ஃபராவைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

பத்து மணி இருக்கும். மாப்பிள்ளை இக்மலின் அம்மா வந்த கார் முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது என்று போன் வந்தது. அந்த அம்மா இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று இக்மல் சொல்லிவிட்டான். வீட்டு வாசலில் எங்கள் கார்தான் வெளியே எடுக்கத் தோதாக இருந்தது, மற்றதெல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக அடைத்து நிற்கிறது. சுல்தான் மாமா எல்லார் முன்னாலும், “அரசு, நீ போனாத்தான் சரியா வரும். ஓடு” என்றார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா நினைத்திருந்தால் ஏறி ஓட்டிப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது. விரலில் இருந்த சாவியைக் கழற்றினார், கூடத்தைத் தாண்டி என்னிடம் வந்து கையில் கொடுத்தார். திரும்பி மாமாவிடம், “என் லைசென்ஸ் செத்துப்போச்சுடா. பெர்த்துலேர்ந்து இவதான் ஓட்டிக்கிட்டு வந்தா. நீ இவளைக் கேளு” என்றார். சுல்தான் மாமா என்னைப் பார்த்து, “தங்கச்சி, போய்ட்டு வர்றியாம்மா?” என்று கேட்டார். போகிறேன் அண்ணே என்று இறங்கினேன்.

வழிகாட்ட இம்ரான் வந்தான். குறுக்கே ஒரு மண் ரோடு இருக்கிறது, பத்து நிமிஷம் மிச்சம் என்றான், என் தாளில் அதற்கு இடமில்லை தம்பி என்று தார் ரோட்டிலேயே போனேன். பக்கத்தில் யாரும் பிரேக் மிதிக்கவில்லை, அன்றைக்குத்தான் நூற்றுப்பத்து என்றால் என்ன என்று பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். ஏறியதும் என் கையைப் பிடித்து மலாயில் நன்றி சொன்னார், மலாயிலேயே பேசிக்கொண்டு வந்தோம், அவர் முதலில் கேட்டது நான் எத்தனை வருஷமாக இந்த ஊரில் கார் ஓட்டுகிறேன் என்பதுதான். நேற்று மாலையிலிருந்து என்றேன். அவர் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார், அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நிக்காஹ் அரை மணி தாமதம், வேறு குறையில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவே கவுண்டரில் நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், வைப்பரையும் விடவில்லை.

திரும்பி பெர்த்துக்கு வரும்போது வில்லியம்ஸ் தாண்டியதும் பக்கத்தில் சத்தமே இல்லை. பார்த்தால் அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை. எதிரே நீள லோரி ஒன்று வந்து காற்றடித்துப் போனது, அவர் விழிக்கவில்லை.

இவ்வளவும் உனக்கு எதற்கு எழுதினேன் என்று உனக்கே தெரியும். எங்களுக்கு அங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான், உனக்கு வலப்பக்கம், அது கூடுதல் கஷ்டம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் வேலைக்குப் போகும் அன்றைக்கே முதன்முதலாகக் காரைத் தொடாதே. ஒரு சனிக்கிழமை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைத்திருக்கும்போது காலி ரோட்டில் நாலைந்து மணி நேரம் ஓட்டிப் பழகு. சாவியை வாங்கும் முன் காரைச் சுற்றிவந்து நாலு பக்கமும் போனில் படம் எடு, பழைய கீறல் இருந்தால் அவர்கள் தாளில் ஏற்றச் சொல். பெட்ரோல் மூடியை எப்படித் திறப்பது என்று அங்கேயே கேட்டுவிடு, நான் கேட்காமல் வந்து வழியில் பத்து நிமிஷம் தேடினேன். பின்னால் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். முடியவில்லை என்று தோன்றினால் ஓரமாக நிறுத்து, நிறுத்துவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு ஆளை அனுப்பச் சொல்லி நீயே எழுதிக் கொடுத்துவிடாதே. அந்த வேலைக்கு உன் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீர்மலையான் உனக்குத் துணையிருப்பான். நீ போகும் வழியெல்லாம் நல்ல வழியாக அமையட்டும், உடம்பும் மனசும் திடமாக இருந்து எடுத்த காரியத்தை முடித்துப் பேரோடு இரு என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். கடிதம் கிடைத்ததும் ஒரு வரி அனுப்பு, கம்பளிக் காலுறை வாங்க மறக்காதே. இன்னொன்று, செப்டம்பரில் எனக்கு லீவு கிடைத்துவிட்டது, அப்பாவும் நானும் உன்னைப் பார்க்க வருகிறோம். நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வர வேண்டாம். வீட்டு முகவரியையும் காரை எங்கே நிறுத்தலாம் என்பதையும் மட்டும் எழுதி அனுப்பு, நாங்கள் வந்துவிடுவோம்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
தி. தனலெட்சுமி