தோளில் வைத்த வெந்நீர்ப் பை

நிலவு, தென்பள்ளத் தளம். சமையலறைக் குறிப்பேடு. எழுதுவது அன்னத்தாய்.

நாள் 212, காலை 6.10
இன்று பரிசோதனை அறையில் இருந்தவர்கள்: மருத்துவர் ஜெபராஜ், தளத் தலைவி வசந்தாதேவி, குழாய் பழுது பார்க்கும் என் பேத்தி பூங்கோதை, நான். நான்கு பேர். அங்கே இல்லை என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

ஐந்து மாதமாகப் பேத்திக்கு வலது தோளில் வலி. மூச்சு இழுத்தால் குத்துகிறது. மருத்துவர் திரையிலிருந்த உடல் படத்தில் தோளைத் தொட்டார். பாரம் தூக்கினாயா என்று இயந்திரம் கேட்டது. தூக்கினாள். வைத்தியம் முடிந்தது. நெஞ்சுப் படம் சுத்தமாம். களிம்பு தந்தார். களிம்பு தர இவ்வளவு தூரம் ராக்கெட்டில் வந்திருக்கிறார்.

நாள் 214, மாலை 5.40
வெந்நீர்ப் பை என் பொறுப்பு. மாதவிலக்கு வந்தவர்கள் வாங்கி வயிற்றில் வைப்பார்கள். பேத்தி மட்டும் தோளில் வைக்கிறாள். அவள் வாங்கிய நாட்கள் 92, 120, 149, 177, 205. எல்லாம் என் தலையில் இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னேன். "தோளுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நீங்க எதுவரை படிச்சீங்க?"

மூன்றாவது வரை. அதுவரைக்கும் எண்ணத் தெரியும்.

வலிக்கும் நாளில் படம் எடுங்கள் என்றேன். விதியில் இடமில்லையாம். விலக்கு நாட்களில் பெண்களுக்கு ஓய்வு, பரிசோதனை கிடையாது. தலைவி கருணையோடு போட்ட விதி. வலிக்காத நாளில் எடுத்த படத்தில் என்ன இருக்கும்? கூட நின்ற தலைவி என் கையிலிருந்த பையையே பார்த்தாள்.

நாள் 233, காலை 9.05
பேத்திக்கு விலக்கு வந்துவிட்டது. வெளியே காற்றுக் குழாய் வெடித்திருக்கிறது. ஓய்வு ரத்து, பேத்தி போக வேண்டும். பரிசோதனைக்குத்தான் ஓய்வு நாள், வேலைக்கு இல்லை. ஒரு படம் எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினேன்.

தலைவி: "அன்னத்தாய், லைனை விடுங்க. பொம்பளைன்னா கொஞ்சம் பொறுக்கணும்."

9.31
வெளியிலிருந்து பூங்கோதை: "ஆச்சி, அடைச்சாச்சு. இன்னைக்காவது கொழம்புல உப்பு போடு."

9.34
"ஆச்சி, தோளு பிடுங்குது. மூச்சு ஏற மாட்டேங்கு."

9.36
"ஆச்சி"

காலை 11.20
இப்போது மருத்துவர் படம் எடுத்தார். செத்தவளுக்கு ஓய்வு நாள் இல்லை போலும். கருப்பைக்குள் இருப்பது போன்ற சதை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையில் வளர்ந்து, மாதாமாதம் ஓட்டை போட்டிருக்கிறது. காற்று உள்ளே சேர, வெளியுடையின் குறைந்த அழுத்தத்தில் அது விரிந்து நுரையீரலை நசுக்கிவிட்டது. நீளமாக ஒரு பெயர் சொன்னார். அழுதார். அழட்டும். முட்டாள். முட்டாளை மன்னித்துத் தொலைக்கலாம்.

நாள் 234, காலை 7.00
தலைவி வந்தாள். வெந்நீர்ப் பை கேட்டாள். இதுவரை கேட்டதில்லை. கொடுத்தேன். வலது தோளில் வைத்தாள்.

எத்தனை வருஷமாக என்றேன்.

"பதினாறு. சொல்லியிருந்தா என்னை இங்க அனுப்பியிருக்க மாட்டாங்க."

பையைப் பிடுங்கிக்கொண்டேன். இதைக் கண்டெடுப்பவர் ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

வசந்தாதேவி.